எந்த மண்ணில் குடியேறுவது? திண்டிவனம் வட்டாரத்தை முன்வைத்து

சென்னையிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வந்தால், மதுராந்தகம் தாண்டியதுமே பண்ணை நில விளம்பரப் பலகைகள் தொடங்கிவிடும். ஏரிக்கரை, மாமரம், ஓட்டு வீடு, பக்கத்தில் ஒரு பசு. கீழே சென்ட் கணக்கில் விலை. ஐந்து சென்டில் பண்ணை எதுவும் வராது, வேலிதான் வரும் என்பது வேறு விஷயம். ஆனால் பலகையைப் பார்த்து மயங்காதவர்களும் இருக்கிறார்கள். இரண்டு மூன்று ஏக்கர் வாங்கி, அங்கேயே வீடு கட்டி, வீட்டுக்கு வேண்டிய நெல்லையும் காயையும் பாலையும் தாங்களே விளைத்துக்கொண்டு வாழலாமா என்று உண்மையாகவே கேட்பவர்கள். அவர்களுடைய கேள்வி எளிமையானது: திண்டிவனம் அடங்கிய விழுப்புரம் மாவட்டம் அதற்கு ஏற்றதா?

கேள்விக்கு வயது அதிகம். ‘நாடு’ என்று ஓர் அதிகாரமே வைத்த திருக்குறள், நாட்டின் உறுப்புகளில் நீரையும் மலையையும் ஆற்றையும் அரணோடு சேர்த்து எண்ணுகிறது. பிறகு வரி வசூலித்த அரசு ஒரு பதில் சொன்னது. மண்ணியலார் ஒன்று, பொருளியலார் ஒன்று, இயற்கை வேளாண்மைக்காரர்கள் ஒன்று. இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால் ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய தேவைக்காக அளக்கப்பட்டது. அந்த மண்ணில் குடியேறிப் பிழைக்க வேண்டிய குடும்பத்துக்காக அளந்தது மிகக் குறைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

‘மாவட்டம்’ என்ற அலகும் ஐயத்துக்குரியதுதான். விழுப்புரம் 1993 செப்டம்பர் 30 அன்று பழைய தென்னார்க்காட்டிலிருந்து பிரிந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனியே போனதும் சுருங்கியது. அப்படியும் செஞ்சியின் பாறைக் குன்றும் மரக்காணத்தின் உப்பளமும் ஒரே ஆட்சியரின் கீழ் இருக்கின்றன. இரண்டுக்கும் பொதுவாக ஒரு மதிப்பெண் போட முயல்வது, நிர்வாக எல்லையை இயற்கையின் எல்லையாக எடுத்துக்கொள்வதாகும்.

தீர்வைக் கணக்கு

இப்பகுதி நிலங்களை முறையாகத் தரம் பிரித்த பெரிய முயற்சி, பிரிட்டிஷ் அரசின் ரயத்துவாரி நிலவரித் திட்டம். அதன் எச்சத்தை இன்றும் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அ-பதிவேட்டில் பார்க்கலாம். புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, பாசன ஆதாரம், இருபோகமா என்ற கட்டங்களைத் தொடர்ந்து ‘மண் வயனமும் ரகமும்’ என்று ஒரு கட்டம்; அதில் 8-3 என்பது போல இரண்டு எண்கள். அடுத்து ‘மண் தரம்’, பிறகு தீர்வை. 1979-க்கும் 1987-க்கும் இடையில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், மக்கள் வாயில் ‘யூ.டி.ஆர்.’, பட்டாக்களைத் திருத்தியது. மண் பற்றிய பழைய வகைப்பாட்டை அடியோடு மாற்றவில்லை.

வெறும் காகிதம் என்று இதை ஒதுக்கிவிட முடியாது. புலத்துக்குப் புலம் இறங்கி, மண்ணின் நிறத்தையும் இழைவையும் பார்த்துத் தரம் போட்ட வேறு ஆவணம் ஒரு சாதாரண வாங்குபவரின் கைக்கு எட்டுவதில்லை. ஒரே கிராமத்தில் தரத்துக்குத் தரம் தீர்வை மாறுவதைப் பார்த்தால், அக்காலத்தார் எந்த வயலை மேலாகக் கருதினார்கள் என்று தெரிந்துவிடும்.

குறை எங்கே என்றால், அந்தக் கணக்கின் நோக்கத்தில். நிகர விளைச்சலில் பாதியை அரசின் பங்காகக் கொண்டு போட்ட கணக்கு அது. ஆகவே அரசின் நீரால் பாயும் கழனிக்கு நுணுக்கம் அதிகம். மானாவாரிக் கொல்லைக்குக் குறைவு. உழவர் தம் செலவில் வெட்டிய கிணறு தீர்வையை உயர்த்தும் காரணமாகப் பொதுவாக எடுத்துக்கொள்ளப்படவில்லை. விளைவு, இன்று ஒரு நிலத்தின் விலையையே முடிவு செய்யும் போர் தண்ணீர் அந்தப் பதிவேட்டின் தர்க்கத்துக்கு வெளியே நிற்கிறது. பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் ஏரியின் பெயர் இருக்கும். அந்த ஏரி கடைசியாக எப்போது கலங்கல் வழிந்தது என்பதற்குக் கட்டமில்லை.

மழையும் மண்ணும்

இரண்டாவது பதில் அறிவியலுடையது. அது கூர்மை பெற்ற இடங்களில் ஒன்று அமெரிக்கா. 1862-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம், பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தை 160 ஏக்கர் துண்டுகளாக்கி, ஐந்தாண்டு தங்கி உழுபவருக்கு வழங்கியது. மழை வளமான கிழக்கில் தாராளமாக இருந்த அந்த அளவு வறண்ட மேற்கில் பொய்த்தது. நிலவியலாளர் ஜான் வெஸ்லி பவல் 1878-இல் அளித்த அறிக்கையில், ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் கீழ் இறங்கும் பகுதியில் ஒரே அளவுத் துண்டு உதவாது, பாசனம் உள்ள இடத்தில் 80 ஏக்கரும் மேய்ச்சல் நிலத்தில் 2,560 ஏக்கரும் என்று பிரிக்க வேண்டும் என்றார். யாரும் கேட்கவில்லை. உழுதால் மழை தானாக வரும் என்று சொன்னவர்களுக்கே கூட்டம் சேர்ந்தது.

மழை அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் திண்டிவனம் பவலின் கோட்டுக்கு மிக மேலே இருக்கிறது. மாவட்டத்தின் ஆண்டுச் சராசரி 1,000 மில்லிமீட்டரை ஒட்டியது. 20 அங்குலத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் அதில் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையை ஒட்டிய வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில புயல் நாட்களில் கொட்டுவது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்துக்கு அடுத்த மயிலத்தில் 24 மணி நேரத்தில் 51 சென்டிமீட்டர் பதிவானது. சராசரி ஆண்டின் பாதி, ஒரே நாளில். இதற்கு எதிர்முனை 2016: தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. இரண்டும் சேர்ந்தால் சராசரி சரியாகத்தான் வரும். பயிருக்குத்தான் சரியாக வராது.

மண்ணை மதிப்பிடும் முறையில் 1976-இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு வெளியிட்ட வரைச்சட்டம் ஒரு திருப்பம். நிலம் நல்லதா என்று கேட்காதே, எதற்கு நல்லது என்று கேள் என்பது அதன் சாரம். மிக உகந்தது முதல் உகந்ததே அல்ல என்பதுவரை அது போட்ட வகுப்புகள் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் தனித்தனியே தீர்மானிக்கப்படும். திண்டிவனத்தைச் சுற்றிய செம்மண் கொல்லைக்கு இது பொருந்திப் போகிறது. நெல்லுக்குச் சுமாரான அந்த மண் மல்லாட்டைக்கு வாகானது. ஊர் எல்லையில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் அமைந்ததும், அங்கிருந்து டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 போன்ற நிலக்கடலை ரகங்கள் நாடு முழுக்கப் பரவியதும் இந்தப் பொருத்தத்தின் மேல் எழுந்தவைதான். கடற்கரை மணலில் சவுக்கும், கோடையில் சாலையோரம் குவியும் தர்பூசணியும் இப்படியே தத்தம் மண்ணைக் கண்டுகொண்டவை.

ஆனால் குடியேறும் குடும்பம் மல்லாட்டை மட்டும் விளைக்க வருவதில்லை. அதற்கு நெல்லும் வேண்டும், காய்கறியும் வேண்டும், மாட்டுக்குத் தீவனமும் வேண்டும். ஒவ்வொரு பயிருக்கும் தனி வகுப்புப் போடும் முறை, எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கேட்கும் வாழ்க்கைக்கு என்ன வகுப்புப் போடுவது என்பதில் தடுமாறுகிறது. ஓரளவு கரிப்பு கலந்த களிமண் மூலையும் செம்மண் மேடும் சேர்ந்த இரண்டு ஏக்கர், வல்லுநர் பட்டியலில் இடைநிலைக்கும் கீழே நிற்கலாம். நெல்லையும் கடலையையும் ஒரே வேலிக்குள் வைக்க நினைப்பவருக்கு அதுவே தோதாக அமையவும் கூடும்.

நிலத்துக்கு அடியில்

இன்று உள்ளூரில் யாரும் மண்ணை முதலில் கேட்பதில்லை. ‘சித்திரையில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும்?’ என்றுதான் கேட்கிறார்கள். பதில் ஒரு மணி நேரம் என்றால், அதன் பிறகு கிணறு ஊறும்வரை காத்திருக்க வேண்டும். விசைக் குழாயின் குதிரைத்திறன், போரின் ஆழம் என்று விற்பவர் சொல்லும் எண்களைவிட இந்த ஒன்று நம்பகமானது. கார்த்திகையில் நிலம் பார்க்கப் போகிறவருக்கு எந்தக் கிணறும் நிறைந்துதான் தெரியும்.

மாவட்டத்தின் நிலத்தடி இரு வேறு உலகங்கள். மேற்கே செஞ்சி, மேல்மலையனூர் பக்கம் கடும்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு, கீழே வெடிப்புகள். தண்ணீர் இந்த இரண்டில்தான். வெடிப்பு எங்கே ஓடுகிறது என்பது மேலிருந்து தெரியாது. அடுத்தடுத்த கொல்லைகளில் ஒருவருக்கு இரண்டு அங்குல நீரும் இன்னொருவருக்குப் புழுதியும் வருவது அங்கே வழக்கமான செய்தி. கிழக்கே வானூர், மரக்காணம் பக்கம் படிவுப் பாறைகள். திருவக்கரையின் கல்மரங்கள் அந்தப் படிவுகளுக்குச் சாட்சி. மணற்கல் அடுக்கில் தண்ணீர் ஆழத்தில் இருந்தாலும் தாராளமாகக் கிடைத்தது. ஆகவே பலரும் கிழக்கையே உகந்தது என்று சொல்லிவந்தார்கள். அந்தத் தாராளமே இப்போது கேள்விக்குறி. ஆழ்துளைக் கிணறுகள் பெருகி நீர்மட்டம் இறங்க, கடல்நீர் உள்ளே ஏறும் அபாயத்தை ஆய்வுகள் பல ஆண்டுகளாகச் சுட்டிவருகின்றன. மரக்காணத்தின் உப்பளங்களும் உவர் கலந்த கழுவெளி ஈரநிலமும் பக்கத்திலேயே இருப்பதை நினைவில் வைக்க வேண்டும். 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில் நீர் வந்து சேர்வது, மேலே உள்ள நூற்றுக்கணக்கான ஏரிகள் வழிந்து வருவதைப் பொறுத்தது. மேட்டு ஏரி தூர்ந்தால் பள்ளத்து நீர் உவர்க்கும்.

அரசின் நிலத்தடி நீர் மதிப்பீடு பிர்காவை, அதாவது வருவாய்க் குறுவட்டத்தை, அலகாகக் கொள்கிறது. ஆண்டுதோறும் எடுக்கத்தக்க ஊற்றளவில் 70 சதவீதம்வரை எடுத்தால் பாதுகாப்பானது. 100-ஐத் தாண்டினால் மிகைநுகர்வு. மாவட்ட அளவைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் கடும்பாறைப் பகுதியில் ஒரு பிர்காவின் சதவீதம் ஒரு கொல்லையின் கதையைச் சொல்லாது. மேலும், மிகைநுகர்வு என்று முத்திரை விழுந்த பிர்காவில் ஏற்கெனவே ஓடும் மோட்டாரை அது நிறுத்துவதில்லை. பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். 2003-இல் இயற்றிய மாநில நிலத்தடி நீர்ச் சட்டம் 2013-இல் நீக்கப்பட்டது. ஆக, இன்று பாதுகாப்பான பிர்காவில் வாங்கினோம் என்ற நிம்மதி, பக்கத்துக் கொல்லைக்காரர் இன்னும் ஆழமாகத் துளைக்காத வரைதான்.

மண்ணை ஆக்கிக்கொள்ளலாம் என்பவர்கள்

இத்தனை அளவுகளுக்கும் எதிரான நிலைப்பாடு ஒன்று இந்த மாவட்டத்துக்குள்ளேயே பிறந்தது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது, வானூர் வட்டத்தின் அந்தச் செம்மேடு எந்த அளவுகோலிலும் தேறியிருக்காது. மழை வெள்ளம் அரித்து ஓடைகள் பிளந்த, மரமற்ற பொட்டல். அங்கே வரப்புக் கட்டினார்கள், ஓடைகளில் தடுப்பணை போட்டார்கள், வேகமாய் வளரும் வேலமர வகைகளை முதலில் நட்டு அவற்றின் நிழலில் இப்பகுதிக்குரிய உலர் பசுமைமாறாக் காட்டு மரங்களை ஏற்றினார்கள். இன்று அது காடு. உகப்பு என்பது நிலத்தில் இருப்பதல்ல, உழைப்பால் வருவது என்ற வாதத்துக்கு இதைவிடக் கண்கூடான சான்று தமிழகத்தில் அரிது. ஆரோவில்லோடு நெருங்கிப் பழகிய இயற்கை வேளாண்மைக்காரர் நம்மாழ்வார், பிற்பாடு கரூர் மாவட்டத்தின் வறண்ட கடவூர்ப் பகுதியில் ‘வானகம்’ பண்ணையை நிறுவித் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுசென்ற நம்பிக்கையும் இதுவே.

சான்று வலுவானது, அதிலிருந்து எடுக்கும் முடிவில்தான் கவனம் வேண்டும். பல பத்தாண்டுக் காலம், வெளியிலிருந்து வந்த நிதி, தொடர்ந்து கைகொடுத்த சுற்றுக் கிராமங்களின் உழைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து அந்தக் காட்டை எழுப்பின. தானே விளைத்து உண்பது என்ற அளவில் பார்த்தால், ஆரோவில் தன் உணவுத் தேவையின் சிறு பகுதியையே தன் பண்ணைகளில் விளைத்துக்கொள்கிறது. 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல் அங்கே முதலில் நட்ட அந்நிய மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. கடன் வாங்கி இரண்டு ஏக்கர் வாங்கியவருக்கு, மூன்றாம் ஆண்டே பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டியவருக்கு, இந்த முன்மாதிரி எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது தனிக் கேள்வி.

சந்தையின் தூரம்

ஜெர்மானியர் ஃபான் தூனன் 1826-லேயே, மண் ஒரே தரமாக இருந்தாலும் நிலத்தின் மதிப்பைச் சந்தையின் தூரம் தீர்மானிக்கிறது என்று எழுதினார். அந்தக் கணக்கில் திண்டிவனத்துக்குக் குறையில்லை. சென்னை ஏறக்குறைய 125 கிலோமீட்டர், புதுச்சேரியும் விழுப்புரமும் 40-க்குள், ரயிலடி ஊருக்குள்ளேயே. மூட்டையைச் செஞ்சி ‘கமிட்டி’யில், அதாவது ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், இறக்கலாம்; காயைப் புதுச்சேரிக்கு ஏற்றலாம். ஜிப்மர் மருத்துவமனை எட்டும் தூரத்தில் இருப்பதைப் பெற்றோரை உடன் அழைத்து வருகிறவர்கள் மறக்காமல் சேர்த்துக்கொள்வார்கள். எதிர்விளைவும் இதே கணக்கில் உண்டு. சந்தை அருகில் வரும்போது மனையும் அருகில் வருகிறது. சாலையும் சிப்காட்டும் வந்த இடத்தில் காணியின் விலை அதன் விளைச்சலால் ஒருபோதும் ஈடுகட்ட முடியாத அளவுக்குப் போய்விடுகிறது.

உணவுக் கணக்கையும் இங்கே போட்டுப் பார்ப்பது நல்லது. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு அரை டன் அரிசி, நெல்லாக முக்கால் டன் என்று வைப்போம். ஏக்கருக்கு ஒன்றரை டன் என்று விளைச்சலைக் குறைத்தே எடுத்தாலும் அரை ஏக்கர், ஒரு போகம் போதும். இப்பக்கத்துக் காணி 1.32 ஏக்கர், ஒரு காணியில் நெல் போக மிச்சமும் இருக்கும். ஆகச் சோறு பிரச்சினையல்ல. ரேஷன் கடையில் 2011 முதல் அரிசி விலையில்லாமலே கிடைக்கிறது. பிரச்சினை, மீதி எல்லாவற்றுக்கும் வேண்டிய ரொக்கம். தன்னிறைவு பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை சோற்றோடு நின்றுவிடுகின்றன.

ஊர் என்ற அளவுகோல்

மண், மழை, சந்தை மூன்றும் தேறிய இடத்தில் ஒரு கிராமம் எப்படி மாறியது என்பதற்கு இம்மாவட்டத்திலேயே ஒரு நூற்றாண்டுப் பதிவு உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டரின் மாணவர்கள் 1916-இல் ஆய்ந்த கிராமங்களில் ஒன்று திருவெண்ணெய்நல்லூர் அருகே உள்ள இருவேல்பட்டு. 1930-களிலும் 1961-லும் 1981-லும் 2008-லும் ஆய்வாளர்கள் அதே ஊருக்குத் திரும்பினார்கள். நல்ல வண்டல், வாய்க்கால் பாசனம். ஆனால் அந்த வளம் யாருக்கு வாழ்வு தந்தது என்பதை நிர்ணயித்தது மண்ணல்ல, நிலம் யார் கையில் இருந்தது என்பதே. பெருநிலக்காரக் குடும்பத்தின் பிடி காலப்போக்கில் தளர்ந்தது. தலித் மக்களின் கைக்கு நிலம் வந்தது சொற்பம். கடைசி ஆய்வின்போது ஊரின் பிழைப்பு பெரும்பாலும் விவசாயத்துக்கு வெளியே நகர்ந்திருந்தது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டுத் தென்பெண்ணை பெருகியபோது, இருவேல்பட்டும் வெள்ளத்தில் மூழ்கியது. நீர் வளம் என்று பழைய கணக்கு மதிப்பெண் கொடுத்த அதே அண்மைதான்.

நிலத்தின் சமூக வரலாறு பத்திரத்திலும் ஒளிந்திருக்கிறது. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பிறர் கைக்கு மாறக் கூடாதவை, மாறியவை ஏராளம். வில்லங்கச் சான்று சுத்தமாக இருப்பதாலேயே அப்படிப்பட்ட நிலம் வாங்கத்தக்கதாகிவிடாது. பழைய பதிவேட்டில் டி.சி. (ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர், சட்டச் சிக்கலோடு ஓர் அநீதியையும் சேர்த்து வாங்குகிறார்.

குடியேறுபவரை ஊர் ஏற்குமா என்ற கேள்வி எந்த வகுப்புப் பட்டியலிலும் இல்லை. அது எல்லாருக்கும் ஒரே கேள்வியுமல்ல. விழுப்புரத்தில் 1978-இல் பன்னிரண்டு தலித்துகள் கொல்லப்பட்டார்கள். 2023 ஜூனில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயில் தலித்துகள் நுழைவதைத் தடுத்த தகராறில் பூட்டி முத்திரையிடப்பட்டது. நகரத்திலிருந்து வருபவர் எந்தச் சாதி என்பதை ஊர் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளும். வாய்க்கால் முறை, வழித்தட உரிமை, களத்து மேடு, ஆள் கிடைப்பது எல்லாமே அதன் வழியாகத்தான் போகும். ‘நூறு நாள் வேலை’ 2006 பிப்ரவரியில் தமிழகத்தில் தொடங்கிய முதல் ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் ஒன்று. அதனால்தான் நடவுக்கு ஆள் வரவில்லை என்ற நிலக்காரரின் புலம்பலை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கூலி பேசும் வலிமை கொஞ்சம் கூடியது என்பதும் அதே நிகழ்வின் மறுபக்கம். குடியேறுபவர் இதில் எந்தப் பக்கம் நிற்கப்போகிறார் என்பதைத் தம் கூலிக் கணக்கில் முன்கூட்டியே எழுத வேண்டும்.

தீராதவை

இந்தப் பதில்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மாவட்டத்துக்கு ஒட்டுமொத்த மதிப்பெண் பயனற்றது; பிர்கா அளவு பரவாயில்லை; கிணற்றளவில் மட்டுமே முடிவெடுக்க முடியும். மழைச் சராசரியைவிடக் கோடை ஓட்டமும் வெள்ளப் போக்கும் முக்கியம். இன்றைய நிலையில், திண்டிவனத்தை ஒட்டிய ஏரிப் பாசனமும் கிணறும் கலந்த செம்மண் கிராமங்கள் மேற்கின் பாறையைவிடவும் கிழக்கின் ஆழ்நீரைவிடவும் ஆபத்துக் குறைந்தவையாகத் தோன்றுகின்றன. இதுவும் ஏரியும் வரத்துக் கால்வாயும் பராமரிக்கப்படும் என்ற நிபந்தனைக்கு உட்பட்டது.

தீராத கேள்விகள் வேறு வகையானவை. வானூர் மணற்கல்லில் எத்தனை குடும்பங்கள் புதிதாகத் துளையிட்டால் உவர்நீர் எந்த ஊரை எட்டும் என்பது நீரியலின் கேள்வி மட்டுமல்ல. யாரை நிறுத்தச் சொல்வது என்ற கேள்வியும்கூட. இரண்டாவது, அளவு. நிலமற்ற குடும்பத்துக்கு 2006-இல் மாநில அரசு இரண்டு ஏக்கர்வரை தர முன்வந்தது. தமிழகத்தின் சராசரிக் கைப்பற்று 2015-16 கணக்கெடுப்பில் 0.75 ஹெக்டேர், ஏறத்தாழ அதே அளவு. அந்த இரண்டு ஏக்கரில் ஏற்கெனவே இருப்பவர்களின் பிள்ளைகள் திருப்பூருக்கும் ஒரகடத்துக்கும் போகும்போது, அதே இரண்டு ஏக்கரில் நகரத்திலிருந்து வருபவர் எதை வைத்து நிலைப்பார் என்பதற்கு, வெளி வருமானத்தைத் தனியே பிரித்துக் காட்டும் கணக்குகள் வேண்டும். இருவேல்பட்டுக்குக் கிடைத்தது போல, புதிதாகக் குடியேறியவர்களின் கொல்லைகளுக்கும் பத்து, இருபது ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் ஆய்வு தேவைப்படுகிறது. நிலத்தை விற்றுவிட்டு நகரம் திரும்பியவர்களையும் அது தேடிப் பிடித்துக் கேட்க வேண்டியிருக்கும்.